மின் நிறுவனம் நம்மிடம் வாங்க வேண்டிய பங்கு

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "ஏனுங்க சார், பணம் ஏறிருச்சுங்க." அவ்வளவுதான் சொன்னார். குரலில் சந்தோசத்தைவிட அசதிதான் இருந்தது.

பேசியவர் போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகிற வழியில் உள்ள ஒரு மகளிர் குழுவின் தலைவி. பன்னிரண்டு பெண்கள். துணிப்பை தைக்கிறார்கள். எங்கள் இயற்கை அங்காடிக்கு அவர்கள் பைதான் வரும். போன வருசம் மின்துறையைச் சேர்ந்த ஒரு பொதுத்துறை நிறுவனம் 6,000 துணிப்பை கேட்டது. பை ஒன்றுக்கு 42 ரூபாய், மொத்தம் 2,52,000 ரூபாய். குழுவுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். "எடுக்கலாங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். வங்கியில் 34 வருசம் குப்பை கொட்டியவன் என்கிற நம்பிக்கை. "அரசாங்க நிறுவனம், பணம் எங்கயும் போகாது, தைரியமா எடுங்கம்மா" என்று சொன்னவன் நான்தான்.

பணம் எங்கும் போகவில்லை. ஆனால் வரவும் இல்லை. தை மாதம் சரக்கை இறக்கினார்கள், ஐப்பசியில் பணம் வந்தது. துணிக்கும் நூலுக்கும் வாங்கிய கடன் 1,70,000 ரூபாய்க்கு, வருசம் 12 சதவீதம் என்று, மாதம் 1,700 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. துணி வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் பத்து மாதம், 17,000 ரூபாய். தையல் கூலி போகக் குழுவுக்கு நிற்க வேண்டிய லாபமே 22,000 ரூபாய்தான். மிச்சம் ஐயாயிரம். பைக்குப் பத்து ரூபாய் கூலியும் அதுவரை கைக்கு வராமல், தைத்தவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

நம் பத்திரிகையில் மண்புழு, மூடாக்கு, பஞ்சகவ்யம் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கும் காகிதமும். அந்தப் பன்னிரண்டு பேருக்கு நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆர்டர் ஏன் அவர்களைத் தேடி வந்தது? யாரோ அதிகாரி மனம் இரங்கிக் கொடுத்தது அல்ல. சட்டம் சொல்லி வந்தது. 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மத்திய அரசு 2012 மார்ச்சில் ஒரு கொள்முதல் ஆணை வெளியிட்டது. 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மூன்று வருசம் கழித்து, 2015 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஒரு வருசத்தில் வாங்குகிற மொத்தப் பொருள், சேவையில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள்ளேயே 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. 2018 நவம்பரில் ஆணையைத் திருத்தி, 20-ஐ 25 ஆக்கினார்கள். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு என்று சேர்த்தார்கள். இது 2019 ஏப்ரலிலிருந்து.

ஆக, நெய்வேலி என்.எல்.சி., என்.டி.பி.சி., நம் பக்கமெல்லாம் கம்பி இழுத்திருக்கிற பவர்கிரிட், குழாய் பதித்த கெயில் எல்லாம் இந்த ஆணைக்குள் வருகின்றன. ரயில்வேயும் வருகிறது. எங்கள் போத்தனூர் சிக்னல் பணிமனையின் மதில் ஓரமாக எத்தனையோ வருசம் நடந்திருக்கிறேன். அங்கே வாங்குகிற பொருளிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு என்று வங்கியில் இருந்த காலத்தில்கூட எனக்குத் தோன்றியதில்லை.

வெளிநாட்டில் இதற்கு 'சப்ளையர் டைவர்சிட்டி' என்று பெயர். ஒரே வட்டத்து ஆட்களிடமே வாங்காமல், இதுவரை கதவுக்கு வெளியே நின்றவர்களிடமும் வாங்குவது. அமெரிக்காவில் 1969-இல் நிக்சன் அதிபராக இருந்தபோது, சிறுபான்மையினர் தொழில்களுக்கென ஒரு அலுவலகம் தொடங்கியதிலிருந்து இது வளர்ந்தது. மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கம்பெனிகளுக்கு இதை முறையாக வகுத்தது கலிபோர்னியா மாநிலம். க்வென் மூர் என்கிற சட்டமன்றப் பெண் உறுப்பினர் 1986-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி 1988-இல் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 'பொது ஆணை 156' போட்டது. சிறுபான்மையினரிடம் 15 சதவீதம், பெண்களிடம் 5, பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களிடம் 1.5 என்று இலக்கு வைத்தார்கள். அவர்கள் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. மின்சாரக் கம்பெனிக்கு அந்த ஊரில் போட்டி கிடையாது. ஊரில் உள்ள அத்தனை பேரும் அதற்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். எல்லாரிடமும் வாங்குகிற பணத்தை ஒரு சிலரிடம் மட்டும் செலவழிப்பது என்ன நியாயம்?

அங்கேயும் இலக்கை எட்டாவிட்டால் அபராதம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் வருசா வருசம் மார்ச் 1-க்குள் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று கணக்கு கொடுக்க வேண்டும். அது பொதுவில் வரும். பெண்கள் நிறுவனம் என்று சொன்னால், நிஜமாகவே ஒரு பெண்தான் நடத்துகிறாரா என்று வெளியாள் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். பொய் சொல்லி நுழைந்தால் தண்டனை உண்டு.

நம் ஊரில் நிலைமை என்ன? 25 சதவீதம் என்கிற மொத்த இலக்கை மத்திய நிறுவனங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தாண்டிவிடுகிறார்கள். இதற்கென்றே 2017-இல் 'சம்பந்த்' என்று ஒரு இணையதளம் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கிற 4-உம் 3-உம் பல வருசமாக எட்டாமலே கிடக்கின்றன. காரணம் ஆணையிலேயே இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்கள் டெண்டருக்கு வராவிட்டாலோ, நிபந்தனையையோ விலையையோ எட்டாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. பந்தியில் இலை போட்டு வைத்தோம், ஆள் வரவில்லை, பக்கத்து இலைக்காரருக்கே பரிமாறிவிட்டோம் என்கிற கதை. ஆளுக்குச் சொல்லி அனுப்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் தன் வருடாந்தரக் கொள்முதல் திட்டத்தை இணையதளத்தில் போட வேண்டும், விற்பனையாளர்களுக்குக் கூட்டம் நடத்த வேண்டும் என்றெல்லாம் அதே ஆணையில் உண்டு. அந்தக் கூட்டங்களில் நம் உழவர் குழுக்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. நான் போனதே இந்தப் பை விவகாரத்துக்குப் பிறகுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதும்போது நம் வாசகர்களில் சிலருக்கு முகம் சுளிக்கும் என்று தெரியும். 2018 கடைசியில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத்து உழவர்கள் விளைநிலத்தில் உயர் அழுத்த மின்கோபுரம் வேண்டாம் என்று பனியில் உட்கார்ந்து போராடினார்கள். நம் இயக்கத்தார் பலர் அங்கே இருந்தவர்கள். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை வரும் 800 கிலோ வோல்ட் பாதையும், அங்கிருந்து கிளம்பும் மற்றப் பாதைகளும் நம் தென்னந்தோப்புகளுக்கு மேலேதான் போகின்றன. அதற்கு முன்னால் கெயில் குழாய்ப் போராட்டம். "நம்ம காட்டுல கோபுரம் நட்டவன்கிட்டப் போயி பை விக்கறதா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்.

என் எண்ணம் வேறு. கோபுரத்துக்கு இழப்பீடு என்பது ஒரு தடவை நடக்கிற விசயம். அதற்கும் 1885-ஆம் வருசத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி, நிலத்தை வாங்காமலே நட்டுவிட்டுப் போகிறார்கள். கொள்முதலில் இருக்கிற பங்கு வருசா வருசம் வருவது. அதை வேண்டாம் என்று விட்டால் கோபுரம் ஒன்றும் சாய்ந்துவிடப் போவதில்லை. அந்தப் பங்கை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். போராட வேண்டியதற்குப் போராடுவோம், வாங்க வேண்டியதை வாங்குவோம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இனி, உள்ளே நுழைய என்ன வேண்டும்? 'உத்யம்' பதிவு. 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது. இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். பணம் கேட்கிற இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள் நடத்துவது, ஏமாறாதீர்கள். முடியாதவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் செய்து கொடுப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து, எந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். நம்மில் அதைத் தாண்டுகிறவர் யார்! தனி ஆள் மட்டுமல்ல, சுய உதவிக் குழுவும் கூட்டுறவுச் சங்கமும் பதியலாம். கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால், பெண்கள் பங்கு அல்லது பட்டியல் சாதி, பழங்குடியினர் பங்கு 51 சதவீதமாவது இருந்தால்தான் அந்த 3-க்குள்ளும் 4-க்குள்ளும் கணக்கு வரும்.

இங்கே உழவர்கள் தடுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது. வெறுமனே பயிர் விளைவிப்பது இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழில் நிறுவனம் இல்லை. எள் விதைக்கிறவர் வரமாட்டார், எள்ளை ஆட்டி எண்ணெயாக்கிப் புட்டியில் அடைக்கிறவர் வருவார். அதேபோல வாங்கி விற்கிற வியாபாரியும் வரமாட்டார். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டும். கொள்முதல் சலுகையும் பணத் தாமதத்துக்கான பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடையாது. ஆகவே நாலு ஊர் விளைச்சலை வாங்கி அப்படியே கைமாற்றுகிற குழு, தான் எந்தக் கணக்கில் பதிந்திருக்கிறோம் என்று ஒருமுறை சான்றிதழை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பதிந்தவருக்கு டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கிற செயல்பாட்டு வைப்புத் தொகை வேறு, அதற்கு விலக்கு இல்லை. முன்வைப்பு இல்லை என்றதும் எல்லாமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது விலை. இதைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், 15 சதவீதம் கூட விலை தருவார்கள் என்று. அப்படி இல்லை. டெண்டரில் ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய்க்குக் குறைந்த விலை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் 115 ரூபாய்க்குள் போட்டிருந்தால், நம்மைக் கூப்பிட்டு, "நீங்களும் 100 ரூபாய்க்கு இறங்கி வந்தால் மொத்தத்தில் 25 சதவீதம் வரை உங்களுக்கு" என்பார்கள். கிடைப்பது கூடுதல் விலை அல்ல, இறங்கி வர ஒரு வாய்ப்பு. நம்மால் இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் விளைந்த எள்ளை மரச்செக்கில் ஆட்டினால் என்ன அடக்கம் வரும் என்று உங்களுக்கே தெரியும். கேண்டீனுக்கு 'நல்லெண்ணெய்' என்று மட்டும் போட்டு டெண்டர் விட்டால், எந்திரத்தில் பிழிந்து மொத்தமாக விற்கிறவர் விலையை நாம் எட்டவே முடியாது. 15 சதவீத வட்டத்துக்குள்ளேயே நுழைய முடியாது. நுழைந்தாலும் இறங்கினால் நட்டம். ஆகவே உணவுப் பொருளைக் கொண்டு இந்தக் கதவைத் தட்டாதீர்கள் என்பது என் கருத்து. டெண்டரிலேயே 'இயற்கை வேளாண் சான்று பெற்றது' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது பி.ஜி.எஸ். சான்றோ, கோவையிலேயே இருக்கிற தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ வைத்திருக்கிறவர்களுக்குள் மட்டும்தான் போட்டி. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கேண்டீன் வைக்க வேண்டும் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அனல்மின் நிலையங்களில் எல்லாம் கேண்டீன் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் சிறுதானியச் சாப்பாடு, அதற்குச் சான்று பெற்ற சாமை, வரகு என்று ஒரு வரியை அந்தக் கொள்முதல் திட்டத்தில் ஏற்ற வைப்பது நம் இயக்கம் செய்ய வேண்டிய வேலை. தனி உழவரால் ஆகாது.

பின்னே எதை விற்பது? குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று 358 பொருள்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி அதில் போட்டிக்கே வர முடியாது. மின்கம்பியில் சில வகைகள்கூட அதில் உண்டு, அது நம் கோவைப் பட்டறைக்காரர்கள் பாடு. நமக்கு ஆகிறதைச் சொல்கிறேன்: தென்னை நார், நார்க்கயிறு, நார்ப்பாய், துணிப்பை, சணல்பை, கையால் பிடித்து வேலை செய்கிற வேளாண் கருவிகள், மாட்டில் பூட்டுகிற கருவிகள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக்காரர்கள் நார்ப்பாயைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சரிவில் மண் அரிக்காமல் இருக்க நார்ப்பாயை விரித்து, அதன் மேல் புல்லோ செடியோ வளர விடுகிறார்கள். நாலைந்து வருசத்தில் நார் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும், அதற்குள் வேர் பிடித்துவிடும். நம் மூடாக்கின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு, சாம்பல் குளக்கரை, துணை மின்நிலையத்துச் சரிவு, இப்படிப்பட்ட இடமெல்லாம் மின் நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் வலைக்குப் பதில் இது. மஞ்சி மில்லின் தூசியும் ஊறவைத்த தண்ணீரும் அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தனிக் கதை, அதைப் பொள்ளாச்சிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மரக்கன்றும் அப்படித்தான். சுரங்க நிலத்தைத் திரும்பப் பச்சையாக்கவும் ஆலையைச் சுற்றி மரம் வளர்க்கவும் அவர்களுக்குக் கன்று தேவைப்படுகிறது. நாட்டு மரக்கன்று வளர்க்கிற நாற்றங்கால்காரர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

எரிகட்டி பற்றிக் கேட்பீர்கள், தெரியும். அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு பயிர்க்கழிவு எரிகட்டியைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மின் அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை போட்டது. 2023-இல் அதைத் திருத்தி, 2024-25-இல் 5 சதவீதம், 2025-26 முதல் 7 சதவீதம் என்றார்கள். பஞ்சாப், அரியானாவில் வயலிலேயே வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள், அங்கே இது ஒரு வழி. நம் கொங்கு நாட்டில் யார் தட்டைக்குத் தீ வைக்கிறார்கள்? சோளத்தட்டு மாட்டுக்கு, தென்னை மட்டை மூடாக்குக்கு, பருத்தி மாரு அடுப்புக்கு. எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும். மிஞ்சுகிற சாம்பல் நிலக்கரிச் சாம்பலோடு கலந்துவிடுவதால் காட்டுக்குத் திரும்பி வராது. மண்ணுக்குப் போக வேண்டியதை டன் கணக்கில் எடை போட்டு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் எரு வாங்கப் போவது நான் பார்த்த மோசமான கடன்களை நினைவுபடுத்துகிறது. சீமைக் கருவேலத்தை வெட்டி எரிகட்டி ஆக்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடலைத்தோல் ஆலைகளில் மலைபோலக் கிடந்தால் அதையும் யோசிக்கலாம். காட்டுத் தட்டையை மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். பன்னிரண்டு பெண்கள் பத்து மாதம் காத்திருந்தது எந்த இடத்தில் தவறியது?

அதே 2006-ஆம் வருசத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எழுத்தில் நாள் எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் 16-வது பிரிவு. ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் அசலில் சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி 18. எங்கள் குழுவின் 2,52,000 ரூபாய்க்கு, 45 நாள் கழித்து ஏழு மாதத் தாமதம் என்றால் சுமார் 27,700 ரூபாய் வரும். அவர்கள் எதிர்பார்த்த லாபத்தைவிடக் கூட! கந்துவட்டிக்காரனைக்கூட மிரள வைக்கிற பிரிவு இது. மத்திய நிறுவனம் மட்டுமல்ல, நம் மாநில மின்வாரியமோ தனியார் கம்பெனியோ, யார் வாங்கினாலும் இந்தப் பிரிவு பொருந்தும். 25 சதவீத ஆணை மத்திய நிறுவனங்களுக்கு மட்டும். மாநில மின்வாரியக் கம்பெனிகளின் கொள்முதல் 1998-ஆம் வருசத்துத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த 45 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடும்? பில் கொடுத்த நாளிலிருந்து அல்ல. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துப்பூர்வமாகக் குறை சொல்லாவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். குறை சொன்னால், அதைச் சரிசெய்து கொடுத்த நாள். ஆக எல்லாமே ஒரு துண்டுச் சீட்டில் தொங்குகிறது: இன்ன தேதியில் இத்தனை பை இறங்கியது என்று கிட்டங்கிக்காரர் கையெழுத்தும் சீலும் போட்ட சீட்டு.

எங்கள் குழு அதை வாங்கவில்லை. தையில் மினி ஆட்டோவில் மூட்டைகளைக் கொண்டுபோனபோது, "வெச்சிட்டுப் போங்கம்மா, எண்ணிட்டு நாங்களே போட்டு அனுப்பறோம்" என்றார் அங்கிருந்தவர். நம்பி வந்துவிட்டார்கள். பிறகு அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரின் பதிவேட்டில் பை வந்தது சித்திரை மாதம் என்று இருந்தது. ஆய்வு அறிக்கை இணைக்கவில்லை என்று பில் ஒருமுறை திரும்பி வந்தது. வாய்மொழியாகத்தான் சொன்னார்கள், எழுத்தில் ஒன்றுமில்லை. நான் ஒரு தடவை கூடப் போனேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லாத எனக்கு, அன்றைக்குத்தான் 34 வருசம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நினைப்பு வந்தது.

வட்டி கேட்டு வழக்குப் போடலாம் என்றேன். வசூலுக்கென்றே குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றம் இருக்கிறது. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, கோவையிலேயே மண்டல மன்றம் உண்டு. 'சமாதான்' இணையதளத்தில் 2017 முதல் வீட்டிலிருந்தே மனு போடலாம். மன்றம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் கூடுதலாக இழுக்கும். ஆனால் ஒரு பலம் உண்டு. மன்றத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தவர் அந்த ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்டர் வந்த பிறகு உத்யம் பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

தலைவியம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வராதுங்க சார். நீங்க கேட்டுருவீங்க, நாங்க கேக்க முடியுங்களா?" என்னிடம் பதில் இல்லை. சட்டம் எழுதினவரிடமும் இருக்காது. சின்னவர் பெரியவர் மேல் வழக்குப் போடுவார் என்று நம்பி எழுதிய சட்டம் அது. சமீபத்தில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள், 43பி-யின் கீழ். 2023-24 நிதியாண்டிலிருந்து, 15-வது பிரிவு சொல்கிற நாளுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராவிட்டால், தருகிற வரை அந்தச் செலவை வரிக்கணக்கில் கழிக்க முடியாது. இதில் சின்னவர் வாய் திறக்க வேண்டியதில்லை, தணிக்கையாளரே கேட்பார். இது எனக்கு உருப்படியாகப் படுகிறது.

வழக்கும் வேண்டாம், காத்திருக்கவும் முடியாது என்கிறவருக்கு 'ட்ரெட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014-இல் இதற்கு விதி வகுத்தது. நம் பில்லை ஒரு மின்னணுச் சந்தையில் ஏற்றுகிறோம். வாங்கிய நிறுவனம், ஆமாம், இது நான் தர வேண்டிய பணம்தான் என்று ஒப்புக்கொள்கிறது. உடனே வங்கிகள் போட்டி போட்டு, கொஞ்சம் வட்டியைக் கழித்துக்கொண்டு, ஓரிரு நாளில் நமக்குப் பணம் தந்துவிடுகின்றன. பிறகு பெரிய நிறுவனத்திடம் வசூலிப்பது வங்கியின் பாடு. அவர்கள் தராவிட்டாலும் நம்மிடம் திரும்பி வரமாட்டார்கள். வட்டியும் நம் தகுதியைப் பார்த்து அல்ல, பொதுத்துறை நிறுவனத்தின் தகுதியைப் பார்த்துப் போடுவது, ஆகவே குழுக்கடன் வட்டியைவிடக் குறைவாக இருக்கும். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று உத்தரவு. சேர்ந்தாலும், பில்லை 'ஆமாம்' என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர் அதே மேசைக்காரர்தான். சீட்டு இல்லாவிட்டால் அங்கேயும் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆர்டர் எடுக்கலாமா என்றால், என் கணக்கு இது. பணம் ஆறு மாதம் கழித்து வரும் என்று வைத்துக்கொண்டு வட்டியை விலையிலேயே சேர்த்துப் பாருங்கள். அப்படிப் போட்டும் விலை நிற்குமானால் எடுங்கள். குழுவின் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்திடம் போக விடாதீர்கள். வங்கியில் கடன் கொடுக்கும்போது ஒரே ஆளிடம் மொத்தத்தையும் வைக்கமாட்டோம், அதே புத்திதான். நம் சந்தையும் அங்காடியும் வீட்டு வாடிக்கையாளர்களும் கைக்காசு தருகிறவர்கள். அவர்களுக்குத் தைக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் பெரிய இடத்துக்குத் தைக்கப் போனதும் அந்த வருசம் எங்கள் குழு செய்த தவறு. அதற்கும் ஆலோசனை சொன்னவன் அடியேன்தான்.

தையில் அதே நிறுவனத்திலிருந்து மறுபடியும் விசாரணை வந்திருக்கிறது, இந்தத் தடவை 4,000 பை. குழு இரண்டு நாள் பேசியது. நாலு பேர் வேண்டாம் என்றார்கள், எட்டுப் பேர் எடுக்கலாம் என்றார்கள். 2,000 மட்டும் எடுப்பது, பைக்கு 45 ரூபாய் கேட்பது என்று முடிவு. பில் புத்தகத்தோடு சரக்கு ஒப்புகைச் சீட்டும் மூன்று படியாக அச்சடித்துவிட்டார்கள். அதில் 'பெற்றுக்கொண்ட தேதி' என்கிற கட்டத்தைத் தலைவியம்மா வேண்டுமென்றே பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். மூட்டையோடு இந்தத் தடவை நானும் மினி ஆட்டோவில் போகிறேன். சீல் விழும்வரை வண்டியைத் திருப்புவதில்லை என்று பேச்சு.